பாகு என்ன பதம்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

தூக்கம் வராத இரவுகளில் சமையல் காணொளிகள் பார்ப்பதாகச் சென்ற வாரக் கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் காபி வரும்வரை எனக்கு இதுதான். அதிலும் வயல்வெளியில் அண்டா வைத்து ஊருக்கே மீனும் கோழியும் சமைக்கிறார்களே, அதைக் கண்கொட்டாமல் பார்க்கிறேன். நான் முட்டைகூடத் தொடாதவன். "வாழ்நாளில் ஒரு ரசம் வைத்ததில்லை, இவருக்கு எதற்கு மட்டன் குழம்பு?" என்று என் மனைவி கேட்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை. இது ஏன் இவ்வளவு பிடிக்கிறது? நீங்கள் யாரையெல்லாம் பார்ப்பீர்கள்? இன்னொன்று, எல்லோரும் மண்சட்டியில் சமைக்கிறார்கள். நானும் ஒன்று வாங்கலாமா?

வைத்தியநாதன், நங்கநல்லூர்

அன்புள்ள வைத்தியநாதன் அவர்களுக்கு,

மார்கழியில் சபாவுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு மிருதங்கம் வாசிக்கத் தெரியும்? தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களைக் கழித்துவிட்டாலும், மிச்சம் இருப்பவர்கள் தொடையில் தாளம் போட்டபடி உட்கார்ந்திருக்கத்தானே செய்கிறார்கள். "வாசிக்கத் தெரியாத உனக்கு எதற்கு?" என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பலிக்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன்.

நீங்கள் தனியாக இல்லை. சில மாதங்களுக்கு முன் தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஒருவர் செல்பேசியில் பிரியாணி பார்த்துக்கொண்டு வந்தார். காதில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. வழக்கமாக எனக்கு அப்படிப்பட்டவர்கள்மீது கோபம் வரும். அன்று வரவில்லை. நெய்யில் பட்டையும் கிராம்பும் விழுந்த சத்தம் கேட்டதும் பெஞ்சு முழுக்கத் தலைகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. காலை எட்டு மணி, பாதிப் பேர் இன்னும் பல்லில் இட்லியோடு இருந்தார்கள். தம் போட்ட மூடியைத் திறக்கும் நேரத்தில் நுங்கம்பாக்கம் வந்தது. அங்கே இறங்க வேண்டியவர் என்று பையைத் தோளில் மாட்டி நின்றிருந்தவர் சேத்துப்பட்டில் இறங்கினார்.

நீங்கள் சொல்லும் வயல்வெளி அண்டா, வில்லேஜ் குக்கிங் சேனலாகத்தான் இருக்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் தாத்தா பெரியதம்பியும் பேரன்கள் ஐவரும் 2018இல் தொடங்கியது. 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் அலைவரிசை அவர்களுடையது. அதே வருடம் ஜனவரியில் ராகுல் காந்தி வந்து வெங்காயத் தயிர்ப்பச்சடி கலந்து, பாயில் உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார். (அந்த ஒன்றை நீங்கள் பயமில்லாமல் பார்க்கலாம், சுத்த சைவம்.) அளவின் பிரம்மாண்டம்தான் கூட்டத்தை இழுக்கிறது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அண்டா என்றால் எந்தக் கல்யாண மண்டபத்தின் பின்கட்டுக்குப் போனாலும் பார்க்கலாம். இவர்கள் ஒவ்வொரு பொருளையும் போடும்போது அதன் பெயரை ஊருக்கே கேட்கிற மாதிரி கூவுகிறார்கள் பாருங்கள், அதுதான் விஷயம். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டு வருகைப்பதிவு எடுப்பதுபோல மஞ்சள்தூள், சீரகம், கல் உப்பு என்று ஒவ்வொன்றும் ஆஜராகிறது. அறுபது வருடமாகச் சாப்பிட்டும் எது அன்னாசிப்பூ, எது மராட்டி மொக்கு என்று தெரியாத ஆண்களுக்கு முதல் முறையாக யாரோ பொறுமையாக அறிமுகம் செய்து வைக்கிறார்கள். உங்களைச் சொல்லவில்லை. சரி, உங்களையும்தான்.

நான் யாரைப் பார்க்கிறேன்? இரவில் ரேவதி சண்முகம். கவிஞர் கண்ணதாசனின் மகள், தொலைக்காட்சிக் காலத்திலிருந்தே சமைத்துக் காட்டுகிறவர். அவர் பேசுவதைக் கேட்டால் லீவுக்கு வந்த பெரியம்மா அடுக்களையில் நம்மோடு பேசிக்கொண்டே வெங்காயம் நறுக்குவது போலிருக்கும். அவசரமே கிடையாது. குழம்பு கூடும் வரை நான் விழித்திருப்பதில்லை, அதை ஒரு குறையாகவும் சொல்லவில்லை. பகலில் வெங்கடேஷ் பட். அதிகம் பேசுகிறார் என்று என் தங்கை அலுத்துக்கொள்வாள். பேசுகிறார்தான். ஆனால் அந்தப் பேச்சில் பாதி, ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்கிற காரணம். காரணம் சொல்கிறவரை நான் எவ்வளவு நேரமும் பொறுத்துக்கொள்வேன்.

ஆந்திரத்து மஸ்தானம்மாவைப் பார்த்திருக்கிறீர்களா? நூறு வயதைத் தாண்டியவராக அறியப்பட்டவர். 2018 டிசம்பரில் காலமானார். என் தெலுங்கு, பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் அளவோடு சரி. அவர் பேசியதில் முக்கால்வாசி எனக்குப் புரியாது. ஆனால் இஞ்சித் தோலை அவர் நகத்தாலேயே உரித்துத் தள்ளுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கத்தியைத் தேடி எழுந்து போகாத கை அது. நீங்கள் மட்டன் குழம்பில் பார்ப்பதும் மட்டனை அல்ல, இப்படி ஒரு கையைத்தான் என்று நினைக்கிறேன்.

பிடிக்காதவர்களும் உண்டு. கரண்டி உதட்டில் படும் முன்பே கண்ணை மூடிக் கிறங்குகிறவர்கள். "இந்த ஒரு பொருளைச் சேர்த்துப் பாருங்கள்" என்று பத்து நிமிடம் இழுத்துவிட்டுக் கடைசியில் பெருங்காயத்தைக் காட்டுகிறவர்கள். அப்புறம், அந்தக் கால மதிய நேரத் தொலைக்காட்சியில் "ஏற்கனவே ஊறவைத்து, வேகவைத்து, இதோ எடுத்து வைத்திருக்கிறோம்" என்று மேஜைக்கு அடியிலிருந்து இன்னொரு பாத்திரம் எடுப்பார்களே, அதன் வாரிசுகள். நான் வருவதே நடுவில் என்ன நடந்தது என்று பார்க்கத்தான். அதையே வெட்டிவிட்டால் எப்படி?

இதில் எனக்குச் சொந்தக் காயம் ஒன்று இருக்கிறது. ஒரு தீபாவளிக்கு அதிரசம் செய்யத் துணிந்தேன். அம்மாவின் நோட்டில் "பாகு பதம் வந்ததும் மாவைக் கொட்டிக் கிளறவும்" என்று ஒரே வரி. என்ன பதம் என்று எழுதவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவளுக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார். நான் நிற்கவில்லை, அந்த வயதில் கதைப் புத்தகத்தோடு மொட்டைமாடியில் இருந்தேன். எனவே ஒரு காணொளியை நம்பினேன். பெயர் வேண்டாம். முகம் தெரியாது, இரண்டு கைகள், துள்ளல் இசை. பாகை எட்டு நிமிடம் கொதிக்கவிடச் சொன்னது. கடிகாரம் பார்த்து எட்டு நிமிடம் கொதிக்கவிட்டேன். அவர்கள் அடுப்பும் என் அடுப்பும் ஒன்றா, அவர்கள் வெல்லமும் நான் மளிகைக்கடையில் வாங்கிய வெல்லமும் ஒன்றா என்று யோசிக்கவில்லை. மாவை இரண்டு நாள் வைத்திருந்து, தட்டி, எண்ணெயில் போட்டேன். போட்ட மாத்திரத்தில் நுரைத்துப் பிரிந்து, சட்டி முழுக்க மணல் மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "பாகு இளசு" என்று இரண்டே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு தேடியபோதுதான் இன்னொரு பெண்மணி அகப்பட்டார். சாதாரண வீட்டு அடுப்படி, சுவரில் தாளிப்புக் கறை. பாகு கொதிக்கும்போதே பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார். ஒரு சொட்டு விட்டார், கரைந்துபோனது. "இன்னும் வரவில்லை" என்று கிளறினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு சொட்டு. விரலில் எடுத்தால் இழுபட்டது, உருளவில்லை. "இதில் கொட்டினால் எண்ணெயில் பிரிந்துவிடும்" என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிறகு ஒன்றுமே பேசாமல் கிளறிக்கொண்டு நின்றார். வெட்டவில்லை, இசை போடவில்லை. நானும் கூடவே நின்றேன். மூன்றாவது சொட்டு தண்ணீருக்குள் தங்கியது. கூட்டி எடுத்து உருட்டினார், மெத்தென்று உருண்டது. "தக்காளிப் பதம்" என்று சொல்லிவிட்டுக் கேமராவை அல்ல, அந்த உருண்டையைப் பார்த்துச் சிரித்தார். இத்தனைக்குப் பிறகும் பிரிந்தால் கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துப் பிசையுங்கள் என்றும் சொன்னார். கெட்டுப்போனால் என்ன செய்வது என்று சொல்கிறவர் கெடுத்துப் பார்த்தவராகத்தான் இருக்க முடியும். அந்தக் காணொளியை இதுவரை பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அதிரசம் அதற்குப் பிறகு ஒரே முறைதான் செய்தேன். சுமாராக வந்தது.

நீங்கள் கேட்ட 'ஏன்' என்பதற்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். மொட்டைமாடியில் இருந்துவிட்டவர்களுக்கு, தாமதமாகவாவது அடுப்புப் பக்கத்தில் நிற்க ஓர் இடம் கிடைக்கிறது. நீங்கள் வங்கியில் இருந்தீர்கள்.

மண்சட்டி தாராளமாக வாங்குங்கள். ஆனால் கொண்டுவந்த அன்றே அடுப்பில் ஏற்றாதீர்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். நிழலில் காயவைத்து, அரிசி கழுவிய தண்ணீரையோ கஞ்சியையோ இரண்டு மூன்று முறை சிறு தீயில் கொதிக்கவைத்துப் பழக்குங்கள். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, சோப்புப் போட்டுத் தேய்க்கவும் கூடாது, மண் உறிஞ்சிக்கொள்ளும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆசை பொறுக்காமல் முதல் நாளே புளிக்குழம்பு வைத்தேன். இரண்டாம் கொதியில் அடியில் மெல்லிய விரிசல் ஓடியது. சட்டி பால்கனியில் இருக்கிறது, கற்பூரவல்லி நன்றாக வருகிறது.