நாலு கார்டு, ஒரே பர்ஸ்: கடைச் செலவையும் வீட்டுச் செலவையும் எப்படி பிரிக்கிறது?

கேள்வி: வணக்கம் சார். ஈரோட்டுல இருக்கேன். குர்த்தி, நைட்டி வாங்கி ஆன்லைன்ல விக்கிறேன், நாலு வருஷமா போயிட்டிருக்கு, ஜிஎஸ்டி நம்பர் இருக்கு, மாசம் அஞ்சு லட்சம் வரைக்கும் சேல்ஸ் ஆகும். எங்கிட்ட நாலு கிரெடிட் கார்டு, எல்லாமே பாயின்ட்டுக்காக வாங்கினது. ஷாப்பிங் சைட்டுக்கு ஒண்ணு, பெட்ரோலுக்கு ஒண்ணு, ஃப்ளைட் டிக்கெட்டுக்கு ஒண்ணு, யுபிஐல போட ரூபே கார்டு ஒண்ணு. எதுல பாயின்ட் ஜாஸ்தியோ அதுல தேச்சிருவேன், அதனால வீட்டு மளிகையும் பேக்கிங் கவரும் ஒரே ஸ்டேட்மென்ட்ல வருது. மாசம் மொத்தம் 1,10,000 போகுது, அதுல ஒரு 70,000 கடைக்கு, இன்ஸ்டாகிராம் விளம்பரம் மட்டுமே 25,000. போன வருஷம் பாயின்ட், கேஷ்பேக் எல்லாம் சேர்த்து 11,000 ரூபா கெடச்சுது. ஆனா ஆடிட்டர் கடைச் செலவு லிஸ்ட் கேட்டப்ப ரெண்டு நாள் உக்காந்தும் பாதிக்கு மேல என்னன்னே ஞாபகம் வரல. நடுவுல ஒரு கார்டுக்கு ட்யூ டேட்டும் மிஸ் ஆயிடுச்சு. எக்ஸல் போட்டேன், மூணு மாசத்துல விட்டுட்டேன். நல்ல ஆப் ஏதாவது இருக்கா? இன்னொரு பயம், ரிட்டர்ன்ல வருமானம் 6 லட்சம்தான் காட்டுறேன், கார்டுல மட்டும் 13 லட்சம் போயிருக்கு, நோட்டீஸ் வருமா?

பதில்: வணக்கம் மேடம். ஆப் பத்தி அப்புறம் பேசலாம், உங்க கேள்வியில ஒரு நம்பர் பாத்ததும் எனக்கு மனசு கேக்கல, அதை மொதல்ல சொல்லிடறேன். மாசம் 25,000 விளம்பரம்னு சொல்றீங்களே, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, அதாவது 4,500 ரூபா மாசாமாசம் கட்டிட்டிருக்கீங்க. உங்க விளம்பர அக்கவுன்ட்ல பேமென்ட் செட்டிங்ஸ் உள்ள போய் உங்க ஜிஎஸ்டி நம்பர் ஏறியிருக்கான்னு இன்னைக்கே பாருங்க. ஏத்தலைன்னா அந்த பில் உங்க நம்பருக்கு வராது, உங்க பேருக்கு வந்த பில்லையெல்லாம் ஜிஎஸ்டி சைட்ல காட்டுற பட்டியல் இருக்கே, அந்த 2பி-யிலயும் வராது, இன்புட் எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கட்டின ஜிஎஸ்டியை நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில கழிச்சுக்க முடியாது. வருஷத்துக்கு 54,000 ரூபா. நாலு கார்டையும் மாத்தி மாத்தி தேச்சு, எதுல எத்தனை பர்சன்ட்னு மண்டையில வச்சுக்கிட்டு நீங்க சம்பாதிச்சது 11,000. எங்கிட்ட வர்ற சின்ன வியாபாரிங்க நெறைய பேருகிட்ட இதே கதைதான், ஒண்ணு ஒண்ணரை பர்சன்ட் பாயின்ட்டுக்கு அவ்வளவு கவனமா இருப்பாங்க, 18 பர்சன்ட் கண்ணு முன்னாடியே போயிட்டிருக்கும். பழைய மாசங்களுக்கு உங்க நம்பர் இல்லாம போட்ட பில்லை இப்ப மாத்தறது பெரும்பாலும் நடக்காது, அதைச் செலவோட சேர்த்துதான் காட்டணும். இனிமே வர்றதையாவது விடாதீங்க.

அதே மாதிரி டேப், கவர், லேபிள் எல்லாம் அமேசான்ல வீட்டு அக்கவுன்ட்லயே ஆர்டர் போடறவங்களா இருந்தா, அங்க பிசினஸ் அக்கவுன்ட்னு தனியா இருக்கு, ஜிஎஸ்டி நம்பர் குடுத்து அதுல வாங்குங்க. வீட்டு அக்கவுன்ட்ல வாங்கினா பில் உங்க பேருக்கு மட்டும் வரும், நம்பர் இருக்காது. கார்டு ஸ்டேட்மென்ட்டைக் காட்டி இன்புட் எடுக்கலாம்னு சிலர் நெனைக்கிறாங்க, முடியவே முடியாது, அது பணம் போனதுக்கு சாட்சி, அவ்வளவுதான், உங்க நம்பர் போட்ட டாக்ஸ் இன்வாய்ஸ்தான் வேணும்.

இப்ப ஆப் விஷயம். எஸ்எம்எஸ் படிச்சு செலவை வகை பிரிக்கிற ஆப் நெறைய இருக்கு, எந்தக் கடையில எவ்வளவுன்னு கரெக்டா பிடிச்சுக்கும், ஆனா அதே சைட்ல வாங்குன 2,340 ரூபா குழந்தைக்கு ஸ்கூல் பேகா, கடைக்கு பார்சல் கவரான்னு எந்த ஆப்புக்கும் தெரியாது, உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் ஒரு வாரத்துக்குத்தான் தெரியும். நீங்க எக்ஸலை விட்டதுக்கு சோம்பேறித்தனம் காரணம் இல்லீங்க. மாசக் கடைசியில 90 லைனை எடுத்து வச்சு ஒவ்வொண்ணா யோசிச்சு பிரிக்கிற வேலையை யாரும் தொடர்ந்து செய்ய முடியாது. அதனால தேச்ச பிறகு பிரிக்கிற முறையே வேண்டாம், எந்தக் கார்டை எடுக்குறீங்கன்றதுலயே அது பிரிஞ்சிரணும்.

நாலுல ஒண்ணை கடைக்குன்னு ஒதுக்குங்க. வீட்டுக்கு ஒண்ணு. மத்த ரெண்டையும் பர்ஸ்லேர்ந்து எடுத்து பீரோல வைங்க, ஷாப்பிங் சைட்லயும் ஆப்லயும் சேவ் பண்ணி வச்சிருக்கிற கார்டு நம்பரையும் நீக்கிடுங்க, அதுதான் முக்கியம், ஏன்னா நாம கையில எடுத்து தேய்க்கிறதை விட சேவ் ஆன கார்டை கவனிக்காம தட்டறதுதான் ஜாஸ்தி. கடைக்கு எந்தக் கார்டுன்னா, உங்க கடைச் செலவுல பெருசு விளம்பரமும் ஆன்லைன் பர்ச்சேஸும்தான், ஆன்லைனுக்கு நல்லா குடுக்கிற கார்டு எதுவோ அது. வீட்டுக்கு ரூபே கார்டை வச்சுக்கங்க, மளிகைக் கடை, மெடிக்கல்னு க்யூஆர் ஸ்கேன்லயே போயிடும். பெட்ரோல் கார்டை நெனச்சு வருத்தப்படாதீங்க, பெட்ரோலுக்கு ஜிஎஸ்டியே கெடையாது, இன்புட் எதுவும் இல்ல, மாசம் மூவாயிரத்துக்கு பெட்ரோல் போடறவங்களுக்கு அதுல கெடைக்கிறது சொற்ப தொகையாத்தான் இருக்கும். இப்படி ஒதுக்குனா பாயின்ட் கொஞ்சம் குறையும்தான், ஆனா ரெண்டு கார்டுலயே செலவு குவியறதால வருஷ ஃபீஸ் தள்ளுபடிக்கான லிமிட்டை தாண்டிடுவீங்க, நாலுல சிதறினா சிலதுல தாண்டாம அதுக்கு ஃபீஸ் கட்டிட்டிருக்கலாம். உங்க ஸ்டேட்மென்ட்ல போன வருஷம் ஃபீஸ் எவ்வளவு போச்சுன்னு கூட்டிப் பாருங்க, அந்த 11,000-லேர்ந்து அதையும் கழிக்கணும்ல.

அடுத்தது, இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், கடைக் கார்டு பில்லை கரன்ட் அக்கவுன்ட்லேர்ந்து மட்டும்தான் கட்டணும், வீட்டுக் கார்டு பில்லை சேவிங்ஸ்லேர்ந்து மட்டும்தான். ஆட்டோ டெபிட் போட்டுடுங்க, முழு தொகைக்கு போடுங்க, மினிமம் ட்யூவுக்கு இல்ல. இதை மட்டும் செஞ்சாலே பாதிப் பிரிப்பு பேங்க் ஸ்டேட்மென்ட்லயே வந்துரும். ட்யூ டேட் மிஸ் ஆனதா சொன்னீங்க, அதோட விலை லேட் ஃபீஸ் மட்டும் இல்லீங்க. பல கார்டுல மாசம் 3.5% வரைக்கும், அதுக்கு மேலயும் வட்டி, வருஷத்துக்கு 42% ஆகுது, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி வேற. முழுசா கட்டலைன்னா வட்டியில்லாத அந்த நாப்பத்தஞ்சு, அம்பது நாள் சலுகையும் போயிடும், புதுசா வாங்குறதுக்கும் தேச்ச நாள்லேர்ந்தே வட்டி ஓட ஆரம்பிச்சிடும். ஒரு தடவை மிஸ் ஆனாலே சில மாசத்து பாயின்ட் காலி. பில்லிங் தேதி உங்களுக்கு தோதா இல்லைன்னா பேங்க்ல கேட்டு மாத்திக்கலாம், ஒரு தடவையாவது மாத்திக்க விடணும்னு ரிசர்வ் வங்கி 2022-லயே விதி போட்டிருக்கு. ஆன்லைன்ல வித்த காசு உங்களுக்கு என்னைக்கு அக்கவுன்ட்ல விழுதோ அதுக்கு ரெண்டு மூணு நாள் தள்ளி ட்யூ டேட் வர்ற மாதிரி கேளுங்க.

எவ்வளவு கவனமா இருந்தாலும் மாறிப் போகும், சூப்பர் மார்க்கெட்ல அவசரத்துல கடைக் கார்டை நீட்டிருவோம். அப்படி ஆனா அந்த லைனை அழிக்காதீங்க, மறைக்காதீங்க, ட்ராயிங்ஸ்னு எழுதுங்க, ஓனர் வீட்டுக்கு எடுத்த பணம், முடிஞ்சது. திருப்பி, கடைச் செலவு வீட்டுக் கார்டுல போயிட்டா, கரன்ட் அக்கவுன்ட்லேர்ந்து சேவிங்ஸுக்கு அதே தொகையை, ரவுண்டு பண்ணாம, 1,847-ன்னா 1,847-ஏ அனுப்புங்க, என்ன செலவுன்னு நோட்ல ரெண்டு வார்த்தை போடுங்க. ரவுண்டா ரெண்டாயிரம் அனுப்பினா மார்ச் மாசம் அது என்னன்னு யாருக்கும் தெரியாது. ஒரே ஆர்டர்ல வீட்டுப் பொருளும் கடைப் பொருளும் போடறதையும் விட்டுடுங்க, ரெண்டு ஆர்டரா போடுங்க, டெலிவரி சார்ஜ் நாப்பது ரூபா ஜாஸ்தியானாலும் பரவால்ல.

உங்க வீட்டுக்காரரும் உங்க கார்டைத்தான் எடுத்துட்டுப் போறார்னா அவருக்கு வீட்டுக் கார்டுலயே ஆட்-ஆன் கார்டு வாங்கிக் குடுங்க, பெரும்பாலான பேங்க்ல ஸ்டேட்மென்ட்ல அந்த நம்பருக்கு கீழ தனியா வரும், பாயின்ட் எல்லாம் உங்க அக்கவுன்ட்லயே சேரும்.

புக்ஸ்ல ஏத்தறதுல ஒரு தப்பு அடிக்கடி பாக்குறேன். கார்டுல தேச்சப்ப ஒரு தடவை செலவு எழுதிடறாங்க, அப்புறம் பில் கட்டும்போது அந்த 70,000-த்தையும் செலவுன்னு எழுதிடறாங்க, ரெண்டு தடவை ஆயிடுது. தேச்ச அன்னைக்குத்தான் செலவு. பில் கட்டறது கடனை அடைக்கிறது. டேலி சாஃப்ட்வேர்ல கடைக் கார்டுக்கு ஒரு லெட்ஜர், கரன்ட் லயபிலிட்டி (கட்ட வேண்டிய கடன்) கீழ போட்டுட்டா, தேச்சதெல்லாம் அங்க ஏறும், கட்டினது இறங்கும், மாசக் கடைசியில மிச்சம் ஸ்டேட்மென்ட்டோட ஒத்துப் போகணும். மார்ச் 28 தேச்சதை ஏப்ரல்ல கட்டினாலும் அது பழைய வருஷத்துச் செலவுதான். வாங்கின பொருளை ரிட்டர்ன் பண்ணி வந்த ரீஃபண்டையும், கேஷ்பேக்கையும் செலவுலேர்ந்து கழிச்சே காட்டுங்க.

இதுக்கு உங்களுக்கு வேண்டியது வாரம் ஒரு தடவை பதினஞ்சு நிமிஷம், ஞாயித்துக்கிழமை சாயந்திரம்னு வச்சுக்கங்க, கடைக் கார்டு ஒண்ணை மட்டும் பாத்தா போதும், பத்து பதினஞ்சு லைன்தான் இருக்கும். வீட்டுக் கார்டை எழுதவே வேண்டாம், மொத்தத்தை மட்டும் பாருங்க. பில் கையில வந்த நிமிஷமே ஃபோட்டோ எடுத்து மாசத்து பேர் போட்ட ஃபோல்டர்ல போட்டுடுங்க, தெர்மல் பேப்பர் பில் கொஞ்ச மாசத்துலயே வெளுத்துப் போயிடலாம். அப்புறம் மாசாமாசம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடறவங்கன்னா 14-ம் தேதி உங்க 2பி வந்துரும்ல, அன்னைக்கு கடைக் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் 2பி-யையும் பக்கத்துல பக்கத்துல வச்சு டிக் பண்ணுங்க, ஜிஎஸ்டி கட்டி வாங்கின எது 2பி-யில வரலையோ அந்த சப்ளையருக்கு அன்னைக்கே ஃபோன் போடுங்க, அவங்க பில்லை ஏத்தினாத்தான் உங்களுக்கு வரும். லேட்டா ஏத்தினா அடுத்த மாசத்து 2பி-யில வரும், ஆனா ஒரு நிதியாண்டோட இன்புட்டை அதுக்கு அடுத்த நவம்பர் 30 வரைக்கும்தான் எடுக்கலாம், அதுக்கு முன்னாடியே ஆண்டு ரிட்டர்ன் போட்டுட்டா அன்னைக்கோட சரி.

எல்லாத்துக்கும் இன்புட் கெடைக்காது, அதையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டா வீணா மெனக்கெட வேண்டாம். சரக்கு எடுக்க சூரத் போனீங்கன்னா ஃப்ளைட் டிக்கெட்ல ஜிஎஸ்டி நம்பர் குடுத்து புக் பண்ணுங்க, எடுக்கலாம். அங்க தங்கின ஹோட்டல் பில்லுல இருக்கிறது குஜராத்துக்கு போற வரி, உங்க தமிழ்நாட்டு நம்பர்ல எடுக்க முடியாது. சாப்பாட்டு பில்லுக்கும் கெடையாது. ஆனா வியாபாரத்துக்காக போன செலவுன்றதால கடைச் செலவுல ரெண்டும் வரும், கடைக் கார்டுலயே தேயுங்க. சரக்கு வாங்குற மொத்த வியாபாரி கார்டுன்னா 2% சேர்த்து குடுங்கன்னு கேட்டா கார்டை உள்ள வச்சுட்டு நெஃப்ட் பண்ணிடுங்க, 1% பாயின்ட்டுக்கு 2% குடுக்கிறது கணக்கு இல்ல. பர்சனல் கார்டுல சரக்கு வாங்கறது அதில்லாமலும் ஆபத்து, வியாபாரத்துக்கு பயன்படுத்தக் கூடாதுன்னு நெறைய கார்டோட விதிமுறையிலயே இருக்கு, ஒரே இடத்துல பெரிய தொகையா அடிக்கடி போனா பாயின்ட்டை திரும்ப எடுத்துக்குவாங்க, கார்டை முடக்கவும் செய்யலாம். கொஞ்ச நாள்ல கரன்ட் அக்கவுன்ட் இருக்கிற பேங்க்லயே பிசினஸ் கார்டு கேளுங்க, தரலைன்னா எஃப்டி-யை வச்சு ஒண்ணு வாங்கலாம்.

நோட்டீஸ் பயத்துக்கு வர்றேன். ஒரு வருஷத்துல ஒரே பேங்க்கோட கார்டு பில்லுக்கு ரொக்கம் இல்லாம கட்டினது 10 லட்சத்தை தொட்டாலோ, ரொக்கமா கட்டினது 1 லட்சத்தை தொட்டாலோ கார்டு கம்பெனி வருமான வரித்துறைக்கு சொல்லிடும், உங்க பான் நம்பர்ல ஏஐஎஸ்-ல, அதாவது வருமான வரி சைட்ல உங்க பெரிய வரவு செலவைக் காட்டுற பட்டியல்ல, தெரியும். உங்களுது 13 லட்சம், நாலும் ஒரே பேங்க்கோடதுன்னா கண்டிப்பா போயிருக்கும், வேற வேற பேங்க்னா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாத்தான் பாப்பாங்க. ஆனா அது வருமானம் இல்லீங்க, செலவு, அதுல 8 லட்சத்துக்கு மேல கடையோடது. வருஷம் 60 லட்சம் சேல்ஸ் காட்டுற கடைக்கு அது பெரிய விஷயமே இல்ல. கேட்டா காட்டறதுக்கு பிரிச்ச கணக்கு இருக்கணும், இப்ப அது உங்ககிட்ட இல்ல, அதான் பயமா இருக்கு. நீங்க சேல்ஸ்ல இத்தனை பர்சன்ட் லாபம்னு உத்தேச முறையில ரிட்டர்ன் போடறவங்களா இருந்தா செலவைத் தனித்தனியா காட்ட வேண்டியதில்லைதான், அப்பவும் இன்புட்டுக்கும் இந்த 13 லட்சத்துக்கும் கணக்கு வேணும். அப்புறம் ஒண்ணு, ஃப்ரெண்டுக்கு ஃபோன் வாங்க, அக்காவுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கன்னு பாயின்ட் ஆசையில உங்க கார்டுல தேச்சுக் குடுக்காதீங்க, அது எல்லாமே உங்க பான் மேலதான் ஏறும், அவங்க திருப்பி அனுப்புற பணம் வேற உங்க அக்கவுன்ட்ல வரவா நிக்கும்.

இந்த மாசத்துலேர்ந்து ஆரம்பிங்க. பழைய பத்து மாசத்தையும் உக்காந்து பிரிக்கப் போகாதீங்க, மறுபடி வெறுத்துப் போய் விட்டுடுவீங்க, பழசுல 5,000-க்கு மேல போனதை மட்டும் எடுத்து ஆடிட்டர்கிட்ட குடுங்க, அவர் பாத்துக்குவார். இதைப் படிச்சு முடிச்சதும் மொதல்ல அந்த விளம்பர அக்கவுன்ட்டைத் திறந்து ஜிஎஸ்டி நம்பர் இருக்கான்னு பாருங்க.