லண்டன்ல சொந்தமா மரம் வெட்டுற வேலை: வாள், வண்டி, விலை

தம்பி, உங்கட மனுசி நேர்ஸ் விசாவில வந்தவ, நீங்கள் அவவின்ர விசாவைச் சார்ந்து டிப்பெண்டனா வந்து ஒரு வருசமா ஒரு கொம்பனியில கீழ நிண்டு கொப்பு இழுக்கிறீங்கள், இப்ப மரத்தில ஏறி வெட்டுற டிக்கெட்டும், அதுதான் சேர்டிபிகேட், எடுத்திட்டீங்கள், சொந்தமாச் செய்யிறதெண்டா என்ன வாள், என்ன வண்டி, ஆக்களிட்ட எவ்வளவு கேக்கிறது எண்டு கேட்டிருந்தீங்கள். முதல் விசாக் கதையை முடிச்சிடுவம். உங்கட மனுசி மாதிரி ஸ்கில்ட் வேர்க்கர் விசாவில வந்தவையின்ர டிப்பெண்டன் சொந்தத் தொழில் செய்யலாம், பிரச்சினை இல்லை. ஸ்டூடன்ட் விசாவில நிக்கிற பெடியள் இதை வாசிச்சிட்டு வெளிக்கிட வேண்டாம், அவையளுக்கு செல்ஃப் எம்ப்ளோய்மென்ட் தடை.

எல்லாரும் வாளில, அதுதான் செயின் சோவில, இருந்துதான் தொடங்குவினம். உண்மையில இந்தத் தொழில்ல லேசாச் சமாளிக்கக்கூடிய செலவு அதுதான். மேல ஏறி வெட்ட ஒரு டொப் ஹாண்டில் (கைபிடி மேல இருக்கிற சின்ன வாள்), ஸ்டில் 201 இல்லாட்டி ஹஸ்க்வர்ணா 540 மாதிரி ஒண்டு, கீழ வெட்ட 15 இஞ்ச் பாரோட (சங்கிலி சுத்துற அலகு) ஒரு 50 சிசி, இடுப்பில ஒரு சில்க்கி கைவாள், இவ்வளவும் காணும். பெரிய அடிமரம் வந்தா பெரிய வாளை அண்டைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கோ. மேல வெட்டுறதுக்கு பற்றரி வாளும் இப்ப நல்லா வந்திட்டுது, கயித்தில தொங்கிக்கொண்டு ஸ்ராட் கயிறு இழுக்கத் தேவையில்லை, ஆனா குளிர்ல பற்றரி கெதியா இறங்கும், கையில இன்னுமொண்டு இருக்கோணும். வாளில மிச்சம் பிடிச்ச காசை காற்சட்டையில போடுங்கோ. வாள் பட்டா காலைக் காக்கிற காற்சட்டையில, நீங்கள் இப்ப போடுற டைப் ஏக்கு முன்பக்கம்தான் பாதுகாப்பு, ஏறுற ஆளுக்கு சுத்திவர மறைக்கிற டைப் சி வேணும். ஏறுற கயிறு, ஹார்னஸ் எல்லாத்தையும் லோலர் (தூக்கிற, ஏறுற சாமான்களுக்கான) சட்டப்படி 6 மாசத்துக்கு ஒருக்கா தெரிஞ்ச ஆளைக் கொண்டு செக் பண்ணி பேப்பர் எடுத்து வைக்கோணும். செகண்ட் ஹாண்ட் கயிறு மட்டும் வேண்டாம், ஆர் தந்தாலும் வேண்டாம்.

வண்டியிலதான் கனபேர் அடிபடுறது. கார் லைசன்சில ஓடக்கூடிய டீசல் வண்டி 3.5 தொன் வரைக்கும்தான், அதுவும் ஏத்தின சாமானோட சேத்து மொத்த நிறை. ட்ரான்சிட் டிப்பர் ஒண்டுக்கு உயரமான பெட்டி அடிச்சு, டூல் பொக்ஸ், டோ பார் எல்லாம் பூட்டினா வெறும் வண்டியே 2.5 தொன் கிட்ட வந்திடும். அதுக்குள்ள மூண்டு பேர், வாளுகள், பெற்றோல், கயிறு எண்டு ஒரு 300 கிலோ. மிச்சம் 700 கிலோ இருக்கெண்டு வையுங்கோ. பச்சை ஓக் மரம் ஒரு கியூபிக் மீற்றர் கிட்டத்தட்ட ஒரு தொன் வரும், அப்ப குத்திகளை அடுக்கினா பெட்டியின்ர அடித்தட்டு ஒருக்கா மூடுப்படுறதோட உங்கட நிறை முடிஞ்சுது. பாத்தா பெட்டி வெறுமையாத்தான் இருக்கும், அதுதான் ஏமாத்திறது, இன்னும் ஏத்தலாம் எண்டு கை போகும். சிப்பர் மெசினில அரைச்ச பச்சைச் சீவல் கியூபிக் மீற்றருக்கு 300 கிலோ அளவிலதான் வரும், ஆனா அதிலயும் 2 கியூபிக் மீற்றருக்குக் கொஞ்சம் மேல போனா 700 கிலோ முடிஞ்சிடும், உயரமான பெட்டியை நிரப்ப ஏலாது. அதால வண்டி வாங்கினவுடன ஆக்கள், சாமான், புல் டாங்க் எல்லாத்தோடயும் வண்டியை நிறுக்கிற ஒரு வே பிரிட்ஜுக்குக் கொண்டுபோய் நிறுத்து, மிச்ச நிறையை டாஷ்போர்ட்டில எழுதி ஒட்டுங்கோ. ரோட்டில டிவிஎஸ்ஏ (வண்டிகளைச் செக் பண்ணுற அரச ஆக்கள்) மறிச்சு நிறை கூட எண்டு கண்டா அபராதமும் வரும், கூடின நிறையை இறக்கும்வரை வண்டியை எடுக்கவும் விடாங்கள்.

லண்டனுக்குள்ள ஓடப்போறீங்கள் எண்டா இன்னொண்டு. 2023 ஓகஸ்ட் 29இல இருந்து யூலெஸ் (புகை கூடின வண்டிக்குக் காசு அறவிடுற திட்டம்) லண்டன்ர எல்லா பரோவுக்கும் வந்திட்டுது, டீசல் எண்டா யூரோ 6 புகைத் தரம் வேணும், இல்லாட்டி நாளுக்கு 12.50 பவுண்ஸ். கிழமைக்கு 5 நாள் ஓடினா 62.50, வருசத்தில 50 கிழமை வேலை செய்தா 3,125. ஆரும் பழைய டிப்பர் மலிவா இருக்கு எண்டு காட்டினா இந்தக் கணக்கையும் விலையில கூட்டிப் பாருங்கோ. ஊர் லைசன்ஸ் இஞ்ச வந்து 12 மாசத்துக்குத்தான் செல்லும், உங்களுக்கு அது முடியிற நேரம், யூகே டெஸ்ட் பாஸ் பண்ணாமல் வண்டியே வாங்காதேங்கோ. பாஸ் பண்ணினா ட்ரெய்லர் இழுக்க வேற டெஸ்ட் இப்ப இல்லை, 2021 டிசம்பர்ல அதை எடுத்திட்டாங்கள், வண்டி தாங்கிற அளவுக்கு 3,500 கிலோ ட்ரெய்லர் வரைக்கும் இழுக்கலாம்.

சிப்பர் முதல் வருசம் வாங்காதேங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். 750 கிலோவுக்குக் குறைஞ்ச 6 இஞ்ச் சிப்பர் வாடகைக்கு எடுக்கலாம், அண்டைய வாடகையை அந்த வேலையின்ர விலையில போட்டுவிடலாம். வாங்கினா பிளேடு தீட்ட, சேர்விஸ், கள்ளர், நிப்பாட்ட இடம் எல்லாம் உங்கட தலையில.

இனி விலை. மரத்தின்ர உயரத்தைப் பாத்து விலை சொல்லாதேங்கோ. வெட்டுறது பாதி நாள், இழுத்து ஏத்திக் கொண்டுபோய்க் கொட்டுறதுதான் மற்றப் பாதி. ஈஸ்ட் ஹாம் பக்கம் டெரஸ் வீடுகள் கனக்கத்துக்கு சைட் கேட் இல்லை, பின் காணியில வெட்டின ஒவ்வொரு கொப்பும் கிச்சின், ஹோல் தாண்டி முன் கதவால வரோணும், காப்பெட்டுக்கு ஷீட் விரிச்சு, சுவரில உரசாமல். அதே மரம் வழி இருக்கிற வீட்டில ஒரு நாள் எண்டா இஞ்ச ரெண்டு நாள். அதால போட்டோ பாத்து விலை சொல்லுற வேலை வேண்டாம், நேர போங்கோ, வாசல்ல நிண்டு சிப்பரை எங்க விடுறது, பார்க்கிங் பே சஸ்பெண்ட் பண்ணோணுமோ, டெலிபோன் வயர் மேலால போகுதோ எண்டு பாத்திட்டுப் பிறகு மரத்தைப் பாருங்கோ.

கணக்கு இப்பிடிப் போடுங்கோ, எண்களை உங்கட ஏரியாவுக்கு மாத்திக்கொள்ளலாம். இன்சூரன்ஸ், வண்டி, லோலர், ட்ரெயினிங் எல்லாம் வருசத்துக்கு 14,400 பவுண்ஸ் எண்டு வையுங்கோ. அதை 260 நாளால பிரிக்காதேங்கோ, காத்து, மழை, விலை பாக்கப் போற நாள் எல்லாம் போக 180 நாள்தான் கிடைக்கும், அப்ப நாளுக்கு 80. கீழ நிக்கிற ஆளுக்கு 120, உங்கட சம்பளம் 180, சிப்பர் 100, பெற்றோல் டீசல் 30, கொட்டுற காசு 40. மொத்தம் 550, இதுதான் கையைக் கடிக்காத விலை. அதுக்கு மேல ஒரு 20 வீதமாவது போட்டாத்தான் வாள் உடைஞ்சா வேற வாங்கலாம். எங்கட ஆக்கள் கட்டாயம் "அண்ணை, கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ" எண்டு கேப்பினம். விலையைக் குறைக்காதேங்கோ, வேலையைக் குறையுங்கோ: குத்தியை வெட்டி அங்கேயே அடுக்கி விடுறன், அடிக்கட்டை அரைக்கேல்லை, இவ்வளவு குறையும் எண்டு எழுத்தில குடுங்கோ. குத்தியை விறகா வித்துக் காசு பாக்கலாம் எண்டும் நினைக்காதேங்கோ, இங்கிலாந்தில 2021 மே மாசத்தில இருந்து 2 கியூபிக் மீற்றருக்குக் குறைய விக்கிற விறகு 20 வீத ஈரத்துக்குள்ள இருக்கோணும், சேர்டிபிகேட்டும் வேணும். சும்மா குடுக்கலாம். சீவலை அலொட்மென்ட் (வாடகைக்கு எடுத்துச் செய்யிற தோட்டத் துண்டு) ஆக்களிட்டக் கேட்டுப்பாருங்கோ, கனபேர் சந்தோசமா வாங்குவினம், கொட்டுற காசு மிச்சம். வேஸ்ட் ஏத்திக்கொண்டு ரோட்டில ஓட என்வைரன்மென்ட் ஏஜென்சியில பதிஞ்சிருக்கோணும், அதை மறக்க வேண்டாம்.

வெட்ட முன்னம் கவுன்சில் வெப்சைட்டில டிபிஓ (அந்த மரத்தை வெட்டக்கூடாது எண்ட பாதுகாப்பு ஓடர்) இருக்கோ, கொன்சவேஷன் ஏரியாவோ (பழமை பேணுற பகுதி) எண்டு நீங்களே பாருங்கோ, வீட்டுக்காரர் "என்ர மரம்தானே" எண்டு சொல்லுறதை நம்பி ஏறாதேங்கோ, பிழை வந்தா வெட்டினவனும் மாட்டுவான். கொன்சவேஷன் ஏரியாவில 1.5 மீற்றர் உயரத்தில 75 மில்லி மீற்றருக்கு மேல தடிச்ச மரத்துக்கு 6 கிழமைக்கு முன்னம் நோட்டீஸ் குடுக்கோணும். அந்த பேப்பர் வேலைக்கும் விலையில இடம் விடுங்கோ.

கீழ நிக்க ஒரு பெடியனை நாள் சம்பளத்துக்குக் கூப்பிட்டாலும் எம்ப்ளோயர்ஸ் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (வேலையாளுக்குக் காயம் பட்டா குடுக்கிறது) தேவைப்படும், ஆகக் குறைஞ்சது 5 மில்லியனுக்கு, இல்லாமல் பிடிபட்டா நாளுக்கு 2,500 பவுண்ஸ் வரைக்கும் அபராதம். அந்தப் பெடியனுக்கு ஏறி ஆளை இறக்கத் தெரிஞ்சிருக்கோணும், இல்லாட்டி நீங்கள் மேல மயங்கினா ஒருத்தரும் இல்லை. இப்போதைக்கு கிழமையில மூண்டு நாள் வேற கொம்பனிகளுக்கு ஃப்ரீலான்ஸா ஏறுங்கோ, உங்களுக்குத் தேவை ஏறுற செட்டும் மேல் வாளும் மட்டும்தான், மற்ற ரெண்டு நாளில சொந்தமா சின்ன ஹெட்ஜ் வேலையளைப் பிடியுங்கோ. எந்த ஏரியா, டெஸ்ட் எப்ப எண்டு எழுதுங்கோ, அதுக்கேத்த மாதிரி வண்டி சொல்றன்.