தோல்வியை எழுதத் தெரிய வேண்டும்: சேலம் ரெஸ்லிங் ரசிகர்களின் கேள்வி பதில்

WWE ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது, கதை எப்படிப் போவது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதைப் புக்கிங் என்பார்கள். அதைப் பற்றிச் சேலம் டவுன், ஏற்காடு, ஆத்தூர், ஓமலூர் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அம்மாப்பேட்டை: அண்ணா, ஜான் சீனாவைக் கடைசி வருஷத்துல போய் வில்லனாக்கினது சரியா? எனக்கு இன்னும் மனசு ஆறலை.

வில்லனாக்கியது சரி. அதற்குப் பிறகு கதையைக் கொண்டுபோன விதம்தான் சொதப்பல்.

2025 மார்ச் 1, டொராண்டோவில் எலிமினேஷன் சேம்பர் ஷோ. அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். அப்போதைய சாம்பியன் கோடி ரோட்ஸைச் சீனா கட்டிப்பிடித்திருக்கிறார். கோடியின் தோளுக்கு மேல் தெரியும் அந்த முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்துபோகிறது. எதிரே ராக் விரலால் கழுத்தை அறுப்பதுபோல் ஒரு சைகை. உடனே கோடிக்கு இடுப்புக்குக் கீழே அடி. 20 வருடத்துக்கும் மேலாக நல்லவனாகவே நின்ற ஒருவர், ஒரு வார்த்தை பேசாமல் முகத்தை வைத்தே மாறிக் காட்டினார். அரங்கமே உறைந்துபோனது.

ஆனால் அந்தக் கதையின் முடிச்சு ராக் கையில் இருந்தது. ஏப்ரல் 20-ம் தேதி லாஸ் வேகஸில் வருடத்தின் மிகப் பெரிய ஷோவான ரெஸில்மேனியா 41 நடந்தபோது ராக் வரவே இல்லை. டிராவிஸ் ஸ்காட் வந்து உதவ, சீனா 17-வது பட்டத்தை வாங்கி ரிக் ஃப்ளேரின் 16-ஐத் தாண்டினார். எவ்வளவு பெரிய சாதனை! அது ஒரு பாடகரின் குறுக்கீட்டில் போய் முடிந்தது. ஆகஸ்ட் 1-ம் தேதி ஸ்மாக்டவுன் என்ற வாராந்திர நிகழ்ச்சியில் மறுபடி நல்லவர். இரண்டே நாளில் சம்மர்ஸ்லாமில் கோடியிடம் பட்டத்தை இழந்தார். அந்த மேட்ச் அருமை. ஆனால் அதற்கு முந்தைய ஐந்து மாதத்தில் "இவர் ஏன் மாறினார்" என்ற கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்கவில்லை.

யாருடைய கால்ஷீட் உறுதியில்லையோ, அவரை நம்பிக் கதையின் முடிச்சைப் போடக்கூடாது. ராக் இல்லாமல் சீனா தனியாகவே கோடியை அடித்திருக்கலாம். "17 எனக்கு வேண்டும், நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது" என்ற ஒரு காரணமே போதும். வயதான ஒரு சாம்பியனின் பேராசையைப் புரிந்துகொள்ள யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

குகை: சரி, கடைசி மேட்ச்ல டேப் அவுட் பண்ண வெச்சாங்களே, அது நியாயமாண்ணா?

நியாயம்தான். 2025 டிசம்பர் 13, வாஷிங்டன். குந்தரின் ஸ்லீப்பர் என்ற கழுத்துப் பிடியில் ஒரு சிறு சிரிப்போடு, தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகச் சீனா கையால் தட்டினார். கூட்டம் கொந்தளித்தது, கதைகளுக்குப் பொறுப்பான முன்னாள் ரெஸ்லர் டிரிபிள் எச் வந்தபோது அவருக்கும் சேர்த்துக் கூச்சல். "விட்டுக்கொடுக்காதே" என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் விட்டுக்கொடுத்தால் வலிக்கத்தான் செய்யும். அந்த வலி யார் கணக்கில் வரவாகிறது என்பதுதான் புக்கிங். ஓய்வு பெறும் ஆள் ஜெயித்தால் அந்த வெற்றியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார், கம்பெனிக்கு ஒன்றும் மிஞ்சாது. குந்தர் ஏற்கெனவே இன்டர்கான்டினென்டல் பட்டத்தை 666 நாள் வைத்திருந்தவர். அதே வருடம் ஜூலையில் கோல்ட்பர்க்கின் கடைசி மேட்சையும் முடித்துவைத்தவர். அந்த வரிசையில் சீனாவும் சேரும்போது, நாளை குந்தரை வீழ்த்தப்போகிறவனுக்கு விலை பல மடங்கு கூடிவிடும்.

ஏற்காடு: சார், ரெஸில்மேனியாவுல தோக்காமலே இருந்த அண்டர்டேக்கரோட 21-0 உடைஞ்சது தேவையா?

உடைக்கலாம். 2014 ஏப்ரல் 6-ல் ப்ராக் லெஸ்னர் உடைத்தது எனக்கு உறுத்தவில்லை, ஏனென்றால் அந்த வெற்றியை அவர்கள் வீணாக்கவில்லை. அடுத்த சம்மர்ஸ்லாமில் அதே லெஸ்னர் சீனாவை 16 தடவை பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கி வீசி (ஜெர்மன் சுப்ளெக்ஸ்) துவைத்தபோது "டேக்கரையே முடிச்சவன்" என்ற பயம் ஒவ்வொரு அடியிலும் இருந்தது. என் வருத்தம் அதற்கடுத்த வருடத்தில்தான். ரெஸில்மேனியா 31-ல் லெஸ்னரும் ரோமன் ரெய்ன்ஸும் மோதும்போது, எப்போது வேண்டுமானாலும் பட்ட மேட்ச் கேட்க உரிமை தரும் பெட்டியோடு செத் ராலின்ஸ் நடுவில் புகுந்து, ரோமனைப் பின் செய்து (மூன்று எண்ணும்வரை தோள்களைத் தரையில் அழுத்தி) பட்டத்தைக் கொண்டுபோனார். கிளைமாக்ஸாகப் பார்த்தால் அட்டகாசம். ஆனால் லெஸ்னரை நேருக்கு நேர் சாய்த்து, அந்த 21-1-ன் கனத்தைத் தன் தோளில் வாங்கிக்கொள்ள ஒரு இளைஞனுக்குக் கிடைத்த வாய்ப்பு அதோடு போயிற்று.

செவ்வாய்பேட்டை: நாங்க நாலு பேர் வாட்ஸ்அப்ல கற்பனையா கதை எழுதி ஃபேன்டஸி புக்கிங் பண்றோம். மூணு வாரத்துலயே கதை தீர்ந்துபோயிடுது. 12 வாரம் இழுக்கறது எப்படி?

முடிவிலிருந்து பின்னால் எழுதிக்கொண்டு வாருங்கள். 12-வது வாரப் பெரிய ஷோவில் யார் ஜெயிப்பது, தோற்றவன் மறுநாள் என்ன செய்வான், இந்த இரண்டையும் தாளில் எழுதாமல் முதல் வாரத்தைத் தொடவே வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் காரணத்துக்கு. ஒரே வரியில் சொல்ல முடிகிற காரணமாக இருக்கட்டும்: பெல்ட், துரோகம், அவமானம். மூன்றாவது வாரம் முதல் ஐந்தாவது வரை ஹீல், அதாவது வில்லன், கை ஓங்கியிருக்க வேண்டும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இரண்டு பேரையும் வாராவாரம் மோத விட்டுவிடுகிறார்கள். நாலாவது தடவை மணி அடிக்கும்போது கூட்டம் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடும். டேக் மேட்சில் (ஜோடிகள் மோதும் மேட்ச்) ஒரு சில நொடி கைகலப்பு, பார்க்கிங்கில் ஒரு தாக்குதல், பேச்சு, அவ்வளவோடு நிறுத்துங்கள்.

ஆறாவது வாரம் முதல் பெரிய மேட்ச். ஹீல் ஏமாற்றி ஜெயிக்கட்டும். எப்படி ஏமாற்றினான் என்பதை நன்றாக யோசித்து எழுதுங்கள், ஏனென்றால் 12-வது வார மேட்சின் விதிமுறை அதிலிருந்துதான் பிறக்கும். கூட்டாளிகள் உள்ளே வந்து உதவினார்களா? அப்படியானால் கடைசி மேட்ச் கூண்டுக்குள். ரிங்கை விட்டு ஓடி, நடுவர் பத்து எண்ணும்வரை திரும்பாமல் கவுன்ட் அவுட்டில் தப்பித்தானா? அப்படியானால் லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங், அதாவது ஒருவன் எழ முடியாமல் விழும்வரை நடக்கும் மேட்ச். காரணமே இல்லாமல் கூண்டை இறக்கினால் அது வெறும் இரும்பு.

ஏழு முதல் ஒன்பது வரை ஃபேஸ், அதாவது நல்லவன், எதையாவது இழக்க வேண்டும்: நண்பனையோ, வாய்ப்பையோ. பத்து, பதினொன்றில் ஒரே ஒரு முறை அவன் கை ஓங்கலாம். ஆனால் பெரிய ஷோவுக்கு முந்தைய எபிசோடு ஹீல் நிமிர்ந்து நிற்பதோடுதான் முடிய வேண்டும். ஜனங்கள் காசு கொடுப்பது இன்னும் கிடைக்காத ஒன்றுக்காக. அதை முந்தின வாரமே இலவசமாகக் கொடுத்துவிட்டால் டிக்கெட் எதற்கு?

பன்னிரண்டில் சுத்தமான முடிவு. விதிமீறலால் மேட்ச் முடியும் டிஸ்குவாலிஃபிகேஷன் ஃபினிஷை ஒரு கதையில் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். இந்த வாரம் நீ, அடுத்த வாரம் நான் என்று வெற்றியைச் சரிபாதியாகப் பங்கு போடவும் வேண்டாம். இரண்டு பேருமே இருந்த இடத்திலேயே நிற்பார்கள்.

ஓமலூர்: மேட்சுக்குள்ள ஒரு கணக்கு இருக்குன்னு சொல்றாங்களே, அது என்ன?

15 நிமிட சிங்கிள்ஸ் மேட்ச் என்றால் தோராயமாக இப்படி: முதல் 3 நிமிடம் ஃபேஸின் கை ஓங்கும். ஹீல் ஏதோ ஒரு குறுக்குவழியில் அதை வெட்டுவான். அடுத்த 6 நிமிடம் ஹீல் ஒரே உறுப்பைக் குறிவைத்து அடிப்பான். பிறகு 3 நிமிடம் மீட்சி, கடைசி 3 நிமிடம் மூன்று எண்ணுவதற்குள் நூலிழையில் தப்பிக்கும் இரண்டேமுக்கால் கவுன்ட்டுகளும் முடிவும். முழங்காலைக் குறிவைத்து அடித்திருந்தால் மீட்சியில் அந்தக் கால் நொண்ட வேண்டும். ஆறு நிமிடம் உடைத்த காலோடு ஒருவன் துள்ளிக் குதித்து டாப் ரோப்பில் ஏறினால் அந்த ஆறு நிமிடமும் குப்பை. ஃபினிஷரிலிருந்து (மேட்சை முடிக்கும் பெரிய அடி) தப்பிப்பது வருடத்துக்கு ஓரிரு பெரிய மேட்சில் மட்டும் இருந்தால்தான் அதற்கு மரியாதை.

சூரமங்கலம்: நீங்க பார்த்ததுலயே பெஸ்ட் புக்கிங் எது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

1997 மார்ச் 23, ரெஸில்மேனியா 13, ப்ரெட் ஹார்ட் – ஸ்டீவ் ஆஸ்டின். உள்ளே போகும்போது ப்ரெட் நல்லவர், ஆஸ்டின் கெட்டவர். ப்ரெட்டின் ஷார்ப்ஷூட்டர் என்ற கால் பிடியில் மாட்டிய ஆஸ்டினின் நெற்றியிலிருந்து ரத்தம் பல்லிடுக்கு வரை வழிகிறது. நடுவர் கென் ஷாம்ராக் குனிந்து குனிந்து கேட்கிறார், ஆஸ்டின் "விட்டுடறேன்" என்று சொல்லவே இல்லை. வலியில் மயங்கிப்போகிறார், மேட்ச் முடிகிறது. மணி அடித்த பிறகும் ப்ரெட் அந்தக் காலை விட மனமில்லாமல் அடிக்கிறார். ஷாம்ராக் அவரை இழுத்துத் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. ப்ரெட் கூச்சலுக்கு நடுவே வெளியேற, ஆஸ்டின் யார் உதவியும் வேண்டாமென்று தள்ளாடியபடி தானே நடந்து போகிறார். கூட்டம் அவர் பெயரைக் கத்துகிறது.

தோற்றவர் ஆஸ்டின்தான். ஆனால் மறுவருடம் ரெஸில்மேனியா 14-ல் சாம்பியன் ஆனவரும் அவரே. ஒரு தோல்வியால் ஒருவரை இவ்வளவு உயரத்துக்குத் தூக்க முடியும் என்று அதற்குப் பிறகு யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

ஆத்தூர்: அப்ப மான்ட்ரியல்ல சாமி ஜெயின் தோத்ததும் சரின்னு சொல்றீங்களா?

ஆமாம், கோபப்படாதீர்கள். 2023 பிப்ரவரி 18-ல் சொந்த ஊர் ஜனங்கள் முன்னால் ரோமனிடம் தோற்றார். ஆறே வாரத்தில் கெவின் ஓவன்ஸோடு சேர்ந்து ரெஸில்மேனியா 39 முதல் நாள் மெயின் ஈவென்ட்டில் உசோஸ் சகோதரர்களை வீழ்த்தி டேக் பட்டம். தோல்விக்குப் பிறகும் கதை அவரை விட்டுவிடவில்லை.

இதற்கு நேர் எதிர் கோஃபி கிங்ஸ்டன். 2019 ரெஸில்மேனியாவில் டேனியல் ப்ரையனை வென்றபோது அழாத ரசிகன் இல்லை. அதே வருடம் அக்டோபர் 4-ல் லெஸ்னரிடம் சில நொடிகளில் தோற்றார். தோற்றதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் அடுத்த வாரங்களில் ஒரு கோபம், ஒரு கேள்வி, ஒரு ரீமேட்ச் கோரிக்கை என்று எதுவுமே இல்லாமல் பழைய டேக் டீம் சிரிப்போடு வந்து நின்றாரே, அதை மன்னிக்கவே முடியாது. அவருக்கே கவலையில்லை என்றால் நாம் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று ரசிகனை நினைக்க வைத்துவிட்டார்கள்.

கொண்டலாம்பட்டி: இந்தியக்காரங்களை மட்டும் ஏன் உருப்படியா புக் பண்ண மாட்டேங்கறாங்க?

அவசரம். ஜிந்தர் மஹால் 2017 ஏப்ரல்வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தோற்றுக்கொண்டிருந்தார். மே 21-ல் ராண்டி ஆர்ட்டனை வென்று சாம்பியன். ஆறு மாதம் படிப்படியாக ஜெயிக்க வைத்து ஏற்றியிருந்தால் நம்பியிருப்போம். சாம்பியனான பிறகும் பெரிய மேட்சிலெல்லாம் அவருடைய கூட்டாளிகளான சிங் பிரதர்ஸ் உள்ளே விழுந்துதான் காப்பாற்ற வேண்டியிருந்தது. நவம்பரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் பட்டம் போனது. டிசம்பரில் டெல்லிக்கே வந்து டிரிபிள் எச்சிடமும் தோற்றார்.

வீர் மஹான் கதை இன்னும் மோசம். 2021 அக்டோபரிலிருந்து "வருகிறார், வருகிறார்" என்று மாதக்கணக்கில் விளம்பரம். 2022 ஏப்ரல் 4-ல் வந்து மிஸ்டீரியோ அப்பா–பிள்ளையை அடித்தார். அதற்கப்புறம் யாரோடு, எதற்காக என்று யோசித்தே வைக்கவில்லை. விளம்பரம் வாக்குறுதி மாதிரி. மாதங்கள் ஏற ஏற வட்டியும் ஏறும்.

ரெஸ்லர் 'தி கிரேட் காளி'யை மட்டும் ஒரு காலத்தில் சரியாகப் பயன்படுத்தினார்கள். 2006 ஜட்ஜ்மென்ட் டேயில் அண்டர்டேக்கரையே நேராகப் பின் செய்தார். குறைந்த நேரம், குறைந்த அடி, மிரட்டல் அதிகம். 2007-ல் உலகப் பட்டமும் வந்தது. 7 அடி ஆளை 20 நிமிடம் ஓட விடக்கூடாது என்பதை அப்போது தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஆட்டையாம்பட்டி: சின்ன வயசுல விளையாடின ரெஸ்லர் படம் போட்ட டிரம்ப் கார்டுல இருக்கற உயரம், எடை எல்லாம் உண்மையாண்ணா?

அறிவிப்பில் சொல்லும் அளவு, பெரும்பாலும் கூட்டித்தான் சொல்வார்கள். சொந்த ஊரும் அப்படித்தான்: ஜப்பான் என்று அறிவிக்கப்பட்ட யோகோசுனா உண்மையில் சமோவா வம்சத்தவர், ரோமன் ரெய்ன்ஸுக்கு உறவு.

தாதகாப்பட்டி: எங்க அப்பா "எல்லாம் பொய்ச் சண்டை"ன்னு டிவியை நிறுத்தறாரு. என்ன சொல்லட்டும்?

திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் துரியோதனன் விழுவான் என்று தெரிந்துதானே ஊரே விடியவிடிய உட்கார்ந்து கூத்துப் பார்க்கிறது என்று கேளுங்கள். முடிவு தீர்மானித்தது, விழுவது உண்மை. ரிங்குக்கு அடியில் ஸ்பிரிங் மெத்தை கிடையாது. இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, ஒரு மெல்லிய ஃபோம், கேன்வாஸ், அவ்வளவுதான். 2022 ஜூன் 5, ஹெல் இன் எ செல் மேட்சில் கோடி ரோட்ஸ் சட்டையைக் கழற்றும் இடத்தைக் காட்டுங்கள். மார்புத் தசை கிழிந்து வலது பக்கம் முழுக்கக் கருநீலமாக இருக்கும். அதோடு 20 நிமிடத்துக்கு மேல் மோதினார்.

மேட்டூர்: தம்பி பிளஸ் டூ படிக்கிறான். ரெஸ்லர் ஆகணும்னு மொட்டை மாடியில மெத்தை போட்டுக் குதிக்கிறான். வழி சொல்லுங்க.

முதலில் அந்த மெத்தையை எடுத்து உள்ளே வையுங்கள். பஞ்சு மெத்தை வழுக்கும், கழுத்து மடங்கும், கீழே சிமென்ட். விழக் கற்றுக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்: குத்துக்காலிட்டு உட்கார்ந்த நிலையிலிருந்து, தாடையை மார்போடு ஒட்டிவைத்து, மேல் முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி சாய வேண்டும். இரண்டு கையும் உடம்பிலிருந்து 45 டிகிரி விலகி, உள்ளங்கை கீழ் நோக்கி அடிக்க வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். பயத்தில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போகும். தாடையைத் தூக்கினால் பின்மண்டை அடிபடும். இதை ஜூடோ பாய் விரித்திருக்கும் இடத்தில், சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான் பழக வேண்டும்.

பக்கத்தில் ஜூடோ, மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ் எது கிடைத்தாலும் சேர்த்துவிடுங்கள். சேலம் காந்தி ஸ்டேடியத்தில் நேரில் போய் விசாரியுங்கள். கபடி ஆடுகிறவனாக இருந்தால் இடுப்பும் பிடியும் ஏற்கெனவே பாதி தயார். படிப்பு முடிந்த பிறகு காளியின் பயிற்சிக்கூடம் பஞ்சாப் ஜலந்தரில் இருக்கிறது. பேசவும் பழக வேண்டும். கண்ணாடி முன்னால் தினமும் 2 நிமிடம், ஒரே ஆளைத் திட்டிப் பேசச் சொல்லுங்கள். உடம்பு இருந்தும் மைக்கில் தடுமாறியதால் நடுவிலேயே நின்றுபோனவர்கள் நிறைய.

அஸ்தம்பட்டி: ஸ்பாய்லர் படாம லைவா பார்க்க எத்தனை மணிக்கு எழணும்?

இந்தியாவில் 2025 ஏப்ரலிலிருந்து நெட்ஃபிளிக்ஸில் வருகிறது. ரா செவ்வாய் காலை, ஸ்மாக்டவுன் சனிக்கிழமை காலை. மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை வழக்கமாக 5.30 மணி, மற்ற மாதங்களில் 6.30. வெளிநாட்டில் நடக்கும் ஷோக்களுக்கு நேரம் மாறும், முந்தின நாளே ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.