பங்குச் சந்தை ஒவ்வொரு வாரமும் ஏறி இறங்குவதற்குச் செய்தியில் சொல்லும் காரணங்களை நம்பலாமா?

பாதி நம்பலாம். எந்தப் பாதி என்பதில்தான் சிக்கல். போன வாரம் இறக்கத்துக்குச் சொன்ன அதே அமெரிக்க வட்டியை இந்த வாரம் ஏற்றத்துக்கும் சொல்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். அது எப்படி நடக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அந்த வரிகளை எழுதிய ஆட்களில் நானும் ஒருவன்.

பாளையங்கோட்டையில் ஒரு சப்-புரோக்கர் ஆபீஸில் சில வருடம் வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குச் சந்தை முடியும். ஐந்து மணிக்குள் அந்த வாரம் சந்தை எப்படி இருந்தது என்று இரண்டு பத்தி எழுதி, வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். எண்களை எழுத இரண்டு நிமிடம் போதும். அடுத்து 'இதற்குக் காரணம்' என்று ஒரு வரி வரும், அதற்குத்தான் முழி பிதுங்கும். இறங்கியிருந்தால் கைவசம் மூன்று காரணம் உண்டு: கச்சா எண்ணெய், அமெரிக்க வட்டி, வெளிநாட்டு நிறுவனங்கள் விற்றது. ஏறியிருந்தால் அதே மூன்றைத் திருப்பிப் போடுவேன். நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் 'முதலீட்டாளர்கள் எச்சரிக்கையுடன் காத்திருந்தனர்'. எந்த முதலீட்டாளர், எங்கே காத்திருந்தார் என்று இன்று வரை யாரும் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்ததால் மதியம் இரண்டு மணிக்கே எழுதி வைத்துவிட்டேன்: 'கச்சா எண்ணெய் விலை ஏற்றத்தால் சந்தை சரிந்தது.' கடைசி ஒரு மணி நேரத்தில் சந்தை திரும்பி மேலே முடிந்துவிட்டது. புதிதாகக் காரணம் தேட நேரமில்லை. 'ஏற்றத்தால் சரிந்தது' என்பதை 'ஏற்றத்தையும் மீறி உயர்ந்தது' என்று மாற்றி அனுப்பிவிட்டேன்.

திருநெல்வேலி டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி மட்டும் அடுத்த வாரம் ஆபீஸுக்கு வந்தார். போனை நீட்டி, "தம்பி, எண்ணெய் வெல ஏறுனா சந்தை எறங்கும்னு போன மாசம் எழுதியிருந்திய. இப்ப எண்ணெய் ஏறுனாலும் சந்தை ஏறும்ங்கிய. ரெண்டுக்கும் என்னதான் சம்பந்தம்?" என்றார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பதில் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். சம்பந்தம் இருக்கிறது, ஆனால் அது வாரக் கணக்கில் ஓடுவதில்லை. நம் நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. விலை ஏறினால் அதிக டாலர் வேண்டும், ரூபாய் இளைக்கும், லாரி வாடகை கூடும், விலைவாசி ஏறும். விலைவாசியை 4 சதவீதத்தை ஒட்டி, முன்னே பின்னே 2 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கிக்கு விதித்த இலக்கு. அதனால் வட்டியைக் குறைக்கத் தயங்குவார்கள். இந்தச் சங்கிலி முழுதும் ஓட மாதங்கள் ஆகும். ஒரே வாரத்தில் தெரிவது கொஞ்சம்தான்: பெயின்ட், டயர், விமான நிறுவனப் பங்குகள் வாடும், எண்ணெய் எடுக்கிற நிறுவனங்கள் நிமிரும். மொத்தச் சந்தையும் அன்றைக்கே அதற்கு ஆடியது என்று எழுதுவது பெரும்பாலும் என்னைப் போல ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டிய ஆள்தான்.

வேலையை விட்ட பிறகும் வெள்ளிக்கிழமை நோட்டுப் போடும் பழக்கம் போகவில்லை. அந்த நோட்டில் 2024 டிசம்பர் 20-இல் முடிந்த வாரத்தை அடிக்கடி புரட்டிப் பார்ப்பேன். முப்பது பெரிய கம்பெனிகளின் பங்கு விலையை வைத்துக் கணக்கிடும் குறியீடான சென்செக்ஸ் 82,133-இல் இருந்து 78,041-க்கு வந்தது, கிட்டத்தட்ட 5 சதவீதம். எல்லாரும் சொன்ன காரணம் அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ். வேடிக்கை என்னவென்றால் ஃபெட் அந்த வாரம் வட்டியைக் கால் சதவீதம் குறைத்தது. குறைத்த கையோடு, 2025-இல் இன்னும் இரண்டு முறைதான் குறைப்போம் என்று கோடி காட்டியது. அதற்கு முன் நான்கு முறை என்று சொல்லியிருந்தார்கள். சந்தைக்கு நடந்ததைவிட எதிர்பார்த்தது நடக்காமல் போவதுதான் பெரிய விஷயம், அதனால் வியாழனும் வெள்ளியும் விழுந்தது சரி. ஆனால் ஃபெட் அறிவித்தது நம் நேரப்படி புதன் நள்ளிரவு தாண்டி. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளிலேயே 1,900 புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தது. மொத்த இறக்கத்தில் ஏறக்குறைய பாதி, காரணம் பிறப்பதற்கு முன்பே நடந்துவிட்டது! முன்கூட்டியே மோப்பம் பிடித்தார்கள் என்று சொல்லலாம். வருட முடிவில் வெளிநாட்டுக்காரர்கள் கணக்கை மூட விற்றார்கள் என்றும் சொல்லலாம். இரண்டையும் நிரூபிக்க முடியாது.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? யார் வாங்கினார்கள், யார் விற்றார்கள் என்பதை. இது ஊகம் இல்லை, கணக்கு. எஃப்ஐஐ எனும் வெளிநாட்டு நிறுவனங்களும், டிஐஐ எனும் நம் மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ் வகையறாக்களும் எத்தனை கோடிக்கு வாங்கி விற்றார்கள் என்று தினமும் மாலையில் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் போடுகிறார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ஒரு சுலபமான வழி உண்டு. டவுனில் ஒரு சொட்டு மழை இருக்காது, வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் தாமிரபரணியில் வெள்ளம் வந்து குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கி நிற்கும். மழை பெய்தது பாபநாசத்துக்கு மேலே மலையில். எஃப்ஐஐ பணமும் அப்படி மேலே பெய்து கீழே வருவது. அமெரிக்க அரசின் பத்து வருடப் பத்திரம் 2023 அக்டோபரில் 5 சதவீத வட்டியைத் தொட்டது, 2007-க்குப் பிறகு முதல் முறையாக. கடன் திரும்ப வருமா என்ற பயமே இல்லாமல் டாலரில் 5 சதவீதம் கிடைக்கும்போது, ரூபாய் இளைக்கும் அபாயத்தையும் சுமந்துகொண்டு இங்கே ஏன் வர வேண்டும் என்று அங்கே ஒருவர் யோசிப்பார். அந்த யோசனைக்கு நம் கம்பெனிகளின் லாபநஷ்டத்தோடு சம்பந்தமே இருக்காது.

2024 அக்டோபரில் வெளிநாட்டுக்காரர்கள் நம் சந்தையில் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் விற்றார்கள். சீனா தன் பொருளாதாரத்தைத் தூக்கிவிடச் சலுகைகள் அறிவித்தது, இங்கே பங்கு விலை ஏற்கெனவே உச்சத்தில் இருந்தது, காலாண்டு முடிவுகளும் சுமார். பழைய காலமாக இருந்தால் சந்தை பாதாளத்துக்குப் போயிருக்கும். ஐம்பது பெரிய கம்பெனிகளின் குறியீடான நிஃப்டி சுமார் 6 சதவீத இறக்கத்தோடு நின்றது, ஏனென்றால் உள்நாட்டு நிறுவனங்களும் ஏறக்குறைய அதே அளவுக்கு வாங்கின. அதே மாதம்தான் எஸ்ஐபி வழியாக, அதாவது மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் தவணையாக வரும் பணம் முதல் முறையாக 25,000 கோடியைத் தாண்டியது. பாளையங்கோட்டையில் தடுக்கி விழுந்தால் ஒரு வாத்தியார் மேல்தான் விழ வேண்டும். அந்த வாத்தியார் வீட்டுக் கணக்கில் மாதம் பிறந்ததும் மூவாயிரம் ஐயாயிரம் என்று கழிகிறதே, அதெல்லாம் சேர்ந்துதான் அமெரிக்காக்காரர் விற்றதை வாங்கியது. பத்து வருடத்துக்கு முன் இப்படி ஒரு சக்தி இந்த அளவுக்கு இல்லை. வாரச் செய்திகள் இன்னமும் எஃப்ஐஐ-யைப் பற்றியே பேசுவது பழக்கதோஷம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும், எடை; குறியீட்டில் எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு இடம் என்பது. நிஃப்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வங்கி, நிதி நிறுவனங்கள். 2024 ஜனவரி 17 அன்று காலாண்டு முடிவு பிடிக்காமல் ஹெச்டிஎஃப்சி பேங்க் ஒரே நாளில் 8 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, சென்செக்ஸ் 1,628 புள்ளி இறங்கியது. 'சந்தை சரிவு' என்று தலைப்புப் போட்டார்கள். பெரும்பகுதி ஒரே ஒரு வங்கி.

இதைச் சொல்லும்போது வெள்ளம் வந்த வாரம் ஞாபகம் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். இங்கே ஜங்ஷன் பக்கம் ரோட்டுக்கும் ஆற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. மூன்றாம் நாள் டவர் வந்ததும் வெட்கமில்லாமல் நான் முதலில் திறந்தது சந்தையைத்தான். 71,000-க்கு மேலே, உச்சத்துக்குப் பக்கத்தில் நின்றது. நெல் வயல் முங்கியதோ, பீடி சுற்றுகிறவர்களின் வீட்டில் இலைக்கட்டு நனைந்ததோ சென்செக்ஸின் முப்பது கம்பெனிகளுக்குத் தெரியாது. புதன்கிழமை 931 புள்ளி விழுந்தது. அதற்குச் சொன்ன காரணம், லாபம் பார்த்தவர்கள் விற்றார்கள் என்பது. வாரக் கணக்கில் அரை சதவீதம்தான் இறக்கம்.

வாரக் கணக்கு எவ்வளவு மறைக்கும் என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்று. 2024 மே 31 வெள்ளியன்று சென்செக்ஸ் 73,961. ஜூன் 7 வெள்ளியன்று 76,693. வார ஏற்றம் 3.7 சதவீதம், அருமையான வாரம் என்று நோட்டில் இருக்கும். நடுவில் நடந்ததைப் பாருங்கள். தேர்தல் கருத்துக்கணிப்பைப் பார்த்துத் திங்களன்று 2,500 புள்ளி ஏறியது. தேர்தல் முடிவு வந்த செவ்வாயன்று ஆளுங்கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை என்றதும் 4,389 புள்ளி விழுந்தது. கூட்டணி ஆட்சி என்று உறுதியானதும் புதனன்று 2,300 திரும்பியது. வெள்ளியன்று ரிசர்வ் வங்கி வட்டியை 6.5 சதவீதத்திலேயே வைத்து, வளர்ச்சிக் கணிப்பை 7.2 சதவீதமாக உயர்த்த, இன்னும் 1,600 ஏறியது.

நான் திங்கள் மதியம் அந்த வேகத்தைப் பார்த்து நிஃப்டி 23,000 கால் ஆப்ஷன் நான்கு லாட் வாங்கினேன்; குறித்த நாளில் நிஃப்டி 23,000-க்கு மேலே முடிந்தால்தான் இதில் காசு, இல்லையென்றால் போட்டதெல்லாம் போச்சு. நாற்பதாயிரத்துச் சொச்சம். அப்போது அந்தக் கெடு நாள், அதாவது எக்ஸ்பைரி, வியாழக்கிழமை (2025 செப்டம்பரில் இருந்து செவ்வாய்). செவ்வாயன்று பாதாளத்துக்குப் போனதை, திரும்பிவிடும் என்று வைத்திருந்தேன். வியாழன் நிஃப்டி முடிந்தது 22,821. என் பணம் சுழியம். அடுத்த நாள் வெள்ளி முடிந்தது 23,290. வாரம் ஏறும் என்று நான் போட்ட கணக்கு சரி, காரணமும் சரி, ஒரு நாள் முந்திவிட்டது. எஃப் அண்ட் ஓ எனும் இந்த ஃபியூச்சர், ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்று, சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஆய்வு பிறகு வந்தது. வீட்டில் அந்தச் செய்தியை வாசித்துக் காட்டியது என் மனைவி. நான் கேட்டுக்கொண்டேன்.

தனிப் பங்கு என்றால் கதையே வேறு. தாழையூத்து சங்கர்நகரில் இருப்பது இந்தியா சிமெண்ட்ஸின் பழைய ஆலை, 1949-இல் ஓடத் தொடங்கியது. 2024 ஜூனில் அல்ட்ராடெக் சிமெண்ட் நிறுவனம் அதன் பங்குகளை வாங்க ஆரம்பித்து, ஜூலையில் உரிமையாளர்களின் பங்கை 390 ரூபாய் வீதம் வாங்குவதாக அறிவித்தது. அந்த வாரங்களில் அந்தப் பங்கு ஏன் ஆடியது என்பதற்கு ரிசர்வ் வங்கி வட்டியையும் எண்ணெயையும் தேடினால் கிடைக்காது. பக்கத்து ஊர் ஆலையை ஒருவர் விலை பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: வாரச் செய்தியில் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள், 'காரணமாக' என்ற சொல்லைத் தாண்டிப் போங்கள். எஃப்ஐஐ, டிஐஐ இரண்டையும் ஒரு மாதத்துக்குச் சேர்த்துப் பாருங்கள். ரூபாய் எங்கே நிற்கிறது, பெரிய வங்கிகளின் முடிவு அந்த வாரம் வந்ததா, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் ரிசர்வ் வங்கிக் கூட்டம் அந்த வாரமா என்று பாருங்கள். இதற்கு மேல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாருக்கும் ஒன்றும் தெரியாது, எழுதுகிறவர் உட்பட.

என் நோட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இன்னமும் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்துத்தான் நிரப்புகிறேன். போன வாரம் அண்ணாச்சி கடைக்கு உளுந்து வாங்கப் போனபோது அவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் புரட்டிப் பார்த்தவர், "பாதி கட்டம் சும்மால்லா கெடக்கு" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "அன்னைக்கு டீய வாங்கிக் குடுத்து அனுப்பிட்டிய" என்று சொல்லிவிட்டு உளுந்தை நிறுக்கப் போனார்.