மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானின் செலவு 9,023 கோடியிலிருந்து 20,193 கோடி ரூபாயானது ஏன்?

போட்ட கணக்கு தவறிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வேலையே பெரிதாகிவிட்டது. 2018-இல் ஒப்புதல் கிடைத்தது மனிதரை விண்ணுக்கு அனுப்பிப் பத்திரமாகத் திரும்ப அழைத்து வருவதற்கு மட்டுமே. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் இதே திட்டத்தில் சேர்த்து, கூடுதலாக 11,170 கோடி ஒதுக்கியது.

பணம் எங்கே போகிறது என்பதற்கு, இஸ்ரோவின் எஞ்சின் சோதனை மையம் உள்ள மகேந்திரகிரியே சாட்சி. மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சினுக்கு மனிதப் பயணத் தகுதி தர, நான்கு எஞ்சின்களை 39 முறை, மொத்தம் 8,810 விநாடிகள் எரித்துச் சோதித்தார்கள். ஆள் ஏறும் ராக்கெட்டில் இந்தச் செலவை ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது. என் கவலை வேறு: 2035-இல் முழு நிலையம், 2040-இல் நிலவில் இந்தியர் என்பவை இலக்குகள்; அவற்றுக்கான நிதியோ ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் வந்தாக வேண்டும்.