விழுந்தவருக்குக் கூடுதல் புள்ளி கொடுப்பது நியாயமா?

கேள்வி: நானும் பன்னிரண்டு வயது மகளும் பெண்களின் பனிச்சறுக்கு நடனப் போட்டிகளைக் கைப்பேசியில் விரும்பிப் பார்க்கிறோம். ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய மச்சாள் அதைக் கற்கத் தொடங்கியதிலிருந்து வந்த ஆசை. ஒரு போட்டியில், பாய்ந்து விழுந்தவருக்கு அந்தப் பாய்ச்சலில், விழாமல் நின்றவரைவிடக் கூடுதல் புள்ளி கிடைத்தது. இது நியாயமா? பாய்ச்சல்களை எப்படிப் பிரித்தறிவது? முன்பெல்லாம் இப்படிப் பாயாமலே அழகாக ஆடினார்கள் என்கிறார் என் அம்மா. மகளோ முற்றத்துச் சீமெந்துத் தரையில் செருப்புடன் சுழன்று பாய்ந்து பழகுகிறாள். விடலாமா?
– ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: நியாயம்தான், சகோதரி. கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

பாய்ச்சல்கள் ஆறு வகை; அவற்றில் ஒன்று லுட்ஸ். மூன்று சுற்று லுட்ஸ் பாய்ச்சலின் அடிப்படைப் புள்ளி 5.9. அதை முழுதாகச் சுற்றி முடித்துவிட்டு ஒருவர் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவர்கள் தரத்துக்கு இடும் மதிப்பு மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை. ஒவ்வொரு படியும் அடிப்படைப் புள்ளியில் 10 சதவீதம். விழுந்தவருக்கு மைனஸ் 5 கிடைக்கும். பாதி போய் 2.95 மிஞ்சும். விழுந்ததற்காக மொத்தப் புள்ளியில் இன்னும் 1 கழியும். ஆக 1.95.

மற்றவர் விழவில்லை, ஆனால் அரைச் சுற்றுக் குறைவாக இறங்கிவிட்டார். அந்தப் பாய்ச்சல் மூன்று சுற்றாகவே எண்ணப்படாது. இரண்டு சுற்று லுட்ஸுக்கு உரிய 2.1தான் அடிப்படை. நடுவர்கள் மைனஸ் 3 இட்டால் 1.47. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இதுதான்.

இந்தக் குறைவை நேரில் உணர ஓர் எளிய வழி இருக்கிறது. உப்புவெளிக் கடற்கரையில் கடலைப் பார்த்து நில்லுங்கள். மகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பாயச் சொல்லுங்கள். மீண்டும் கடலைப் பார்த்து இறங்கினால் முழுச் சுற்று. தோள் கடல் பக்கம் இருக்க, கரையோரமாகப் பார்த்து இறங்கினால் கால் சுற்றுக் குறைவு. ஊரைப் பார்த்து இறங்கினால் அரைச் சுற்றுக் குறைவு. சரியாகக் கால் சுற்றுக் குறைந்தால் புள்ளித்தாளில் 'கியூ' குறி விழும். அடிப்படைப் புள்ளி குறையாது, தர மதிப்புத்தான் இறங்கும். அதற்கும் அரைச் சுற்றுக்கும் இடைப்பட்டதானால் ஒரு கோணக்குறி (<). அடிப்படையில் 80 சதவீதமே கிடைக்கும், லுட்ஸுக்கு 4.72. அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் இரட்டைக் கோணக்குறி (<<). நடுவர்களைத் தவிரத் தனியாக ஒரு தொழில்நுட்பக் குழு காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தே இவற்றைத் தீர்மானிக்கிறது. மின்னல் வேகத்தில் நடப்பதை நம் கண் பிடிக்காததில் வியப்பில்லை.

பாய்ச்சல்களைப் பிரித்தறிய, காற்றில் சுழலும் உடலைப் பார்க்காதீர்கள். அங்கே ஆறும் ஒன்றுபோலத்தான் தெரியும். கிளம்பும் காலைப் பாருங்கள். முன்னோக்கிக் கிளம்புவது அக்சல் மட்டும்தான். இறங்குவது எப்போதும் பின்னோக்கி என்பதால் அதற்கு அரைச் சுற்றுக் கூடுதலாக வேண்டும். மூன்று சுற்று அக்சல் என்றால் உண்மையில் மூன்றரைச் சுற்று. அதனால்தான் அதற்கு 8.0. மற்ற ஐந்தில் டோ லூப், ஃபிளிப், லுட்ஸ் ஆகியவற்றில் மறுகால் பாதணியின் அடியிலுள்ள கத்தியின் முனைப் பற்களைப் பனியில் குத்திக் கிளம்புவார்கள். சால்கோவிலும் லூப்பிலும் அப்படிக் குத்துவதில்லை.

சிரமம் ஃபிளிப்புக்கும் லுட்ஸுக்கும் இடையில்தான். இரண்டிலும் பின்னோக்கி வந்து வலக்கால் முனையைக் குத்துவார்கள் (இடப்பக்கமாகச் சுழல்பவர்களைச் சொல்கிறேன், பெரும்பாலோர் அப்படித்தான்). இடக்கால் கத்தியின் உள்விளிம்பில் சாய்ந்திருந்தால் ஃபிளிப், வெளிவிளிம்பில் சாய்ந்திருந்தால் லுட்ஸ். வெளிவிளிம்பில் வரும்போது உடல் ஒரு பக்கம் வளைந்து செல்கிறது. சுழல வேண்டியதோ எதிர்ப்பக்கம். அதனால் கடைசி நொடியில் கணுக்கால் உள்ளே சரிந்துவிடும் ஆபத்து உண்டு. சரிந்தால் 'ஈ' குறி; அதற்கும் 80 சதவீதம்தான். சுத்தமான வெளிவிளிம்பில் நீண்ட வளைவாக வந்து கிளம்பும் லுட்ஸை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் பிறகு தவறவிடமாட்டீர்கள். எனக்கு ஆறிலும் அழகானது அதுவே.

அம்மா சொல்வதில் பாதி உண்மை. அன்று பெண்கள் அவ்வளவாகப் பாயவில்லை; பாயவும் விடவில்லை. 1902இல் ஆண்கள் மட்டுமே ஆடிவந்த உலகப் போட்டியில் மேட்ஜ் சயர்ஸ் நுழைந்து இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் உல்ரிச் சால்கோவுக்கு. அடுத்த ஆண்டே பெண்கள் அப்போட்டியில் ஆடுவது தடுக்கப்பட்டது. பெண்களுக்கென்று தனிப்போட்டி 1906இல்தான் வந்தது. அந்தச் சால்கோவின் பெயரிலுள்ள பாய்ச்சலை 1920 ஆன்ட்வர்ப் ஒலிம்பிக்கில் அமெரிக்கரான தெரசா வெல்ட் ஒரே ஒரு சுற்றுடன் செய்தார். பெண்ணுக்கு அது அழகல்ல என்று நடுவர்கள் எச்சரித்தார்கள். அதே சால்கோவை 1962இல் கனடாவின் பெட்ரா பர்கா மூன்று சுற்றாகவும், 2002இல் பதினான்கு வயது மிகி அன்டோ நான்கு சுற்றாகவும் பாய்ந்தார்கள். இடையில் 1988இல் ஜப்பானின் மிடோரி இட்டோ மூன்று சுற்று அக்சலைச் சாதித்தார். இவர்களைப் பார்த்துவிட்டு, பாய்ச்சல் அழகைக் கெடுக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் பாய்ச்சல் மட்டுமே போதாது என்பதும் உண்மை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அலெக்சாண்ட்ரா ட்ரூசோவா ஒரே ஆட்டத்தில் நான்கு சுற்றுப் பாய்ச்சல்கள் ஐந்தை முயன்று வெள்ளி வென்றார். கவோரி சகமோட்டோ நான்கு சுற்றும் இல்லாமல், மூன்று சுற்று அக்சலும் இல்லாமல் வெண்கலம் வென்றார். தொடர்ந்து 2022, 2023, 2024 என மூன்று உலகப் பட்டங்களையும் பெற்றார். அவருடைய வேகத்தையும் பாய்ச்சலின் நீளத்தையும் அம்மாவுக்குக் காட்டுங்கள், கட்டாயம் பிடிக்கும்.

அந்த ஒலிம்பிக் முடிந்த சில மாதங்களில், மூத்தோர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதைப் 15இலிருந்து படிப்படியாக 17ஆக உயர்த்தச் சர்வதேசப் பனிச்சறுக்குச் சங்கம் முடிவெடுத்தது. வளரும் எலும்புகளை நான்கு சுற்றுக்காக வருத்துவது வேண்டாம் என்ற அந்த முடிவை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

உங்கள் மகளுக்கும் அதையே சொல்வேன். தரையில் பாய்ந்து பழகுவது தவறல்ல. பெரிய வீராங்கனைகளும் சப்பாத்து அணிந்து தரையில் பழகுகிறார்கள். சீமெந்தும் செருப்பும்தான் தவறு. ஒற்றைக் காலில் இறங்கும்போது உடல் எடையின் பல மடங்கு அந்த முழங்காலில் இறங்குகிறது. புற்றரையில், இறுக்கமான விளையாட்டுச் சப்பாத்துடன், ஒரு சுற்று மட்டும் பழகட்டும். முன்பாதம் முதலில் தரையைத் தொட, முழங்கால் மடிய வேண்டும். இறங்கிய நிலையில் இரண்டு நொடி அசையாமல் நிற்க முடியாவிட்டால் இரண்டாவது சுற்றைப் பற்றிப் பேச்சே வேண்டாம். குதிகாலோ முழங்காலோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

திருகோணமலையில் பனித்தளம் இல்லை. விடுமுறைக்கு ரொறன்ரோ போகும் வாய்ப்பு வந்தால், மச்சாளின் பாதணியை இரவல் வாங்காமல் அளவான பாதணியை வாடகைக்கு எடுத்துக்கொடுங்கள். தலைக்கவசம் அணியாமல் பனியில் இறங்க விடாதீர்கள். அங்குள்ள தொடக்க வகுப்புகளில் அது கட்டாயம். முதல் பாடம் எப்படி விழுவது, எப்படி எழுவது என்பதாகவே இருக்கும்.