வாசகர் கேள்விகள்: ஒரே ஈர்ப்பு, ஏன் இரண்டு விதம்?

கேள்வி: 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 ஏவப்பட்டபோது, 'குறைந்தபட்சம் 170 கி.மீ., அதிகபட்சம் 36,500 கி.மீ. கொண்ட நீள்வட்டப் பாதை' என்று படித்தோம். வட்டப் பாதையில் ஈர்ப்பு விசை செயற்கைக்கோளின் வேகத்தை மாற்றாது என்கிறது மகளின் பாடப்புத்தகம். நீள்வட்டத்திலும் இருப்பது அதே ஈர்ப்புதானே? அங்கே மட்டும் வேகம் ஏன் கூடிக் குறைகிறது?
- பிளஸ் ஒன் மாணவியின் தந்தை, திருவண்ணாமலை

பதில்: மகளின் ரஃப் நோட்டில் ஒரு வட்டமும் ஒரு நீள்வட்டமும் வரையுங்கள். நீள்வட்டத்தில் பூமியை நடுவில் வைக்காதீர்கள். ஓரமாக, குவியத்தில் வையுங்கள். (நடுவில் வைத்து அச்சடித்த கைடுகளை நானே பார்த்திருக்கிறேன்.) இப்போது பாதையில் ஒரு புள்ளி வைத்து இரண்டு அம்புக்குறி போடுங்கள்: ஒன்று செயற்கைக்கோள் போகும் திசையில், மற்றது பூமியை நோக்கி.

வட்டத்தில் புள்ளியை எங்கே வைத்தாலும் இரண்டு அம்புக்கும் இடையே 90 டிகிரிதான். அப்படிக் குறுக்கே இழுக்கும் விசை திசையைத் திருப்புமே தவிர, வேகத்தில் கை வைக்காது. நீள்வட்டத்தில் அந்த 90 டிகிரி இரண்டு முனைகளில் மட்டும்தான் கிடைக்கும். பூமியை விட்டு விலகிப் போகும் பாதியில் ஈர்ப்பு அம்பு சற்றுப் பின்பக்கம் சாய்ந்திருக்கும். ஓடுகிறவனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது மாதிரி. வேகம் குறைகிறது. திரும்பி வரும் பாதியில் அம்பு முன்பக்கம் சாய்கிறது, வேகம் கூடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

நீங்கள் சொன்ன பாதைக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமியின் ஆரம் 6,378 கி.மீ.யைச் சேர்த்துக்கொண்டால், பூமியின் மையத்திலிருந்து கிட்டத்து முனை 6,548 கி.மீ., தூரத்து முனை 42,878 கி.மீ. வேகம் கிட்டத்தில் நொடிக்கு சுமார் 10.28 கி.மீ.; தூரத்தில் வெறும் 1.57. தூரம் ஆறரை மடங்கு, வேகம் ஆறரையில் ஒரு பங்கு. கெப்ளர் 1609-இல் வெளியிட்ட பரப்பு விதி (சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கும்) சொல்வதும் இதைத்தான். விசையோ தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால், கிட்டத்தில் இழுப்பு ஏறத்தாழ 43 மடங்கு அதிகம்.

இன்னொன்று. 'ஈர்ப்பும் மையவிலக்கு விசையும் சமமாக இருப்பதால் செயற்கைக்கோள் விழுவதில்லை' என்று இரண்டு பக்கமும் சம அம்பு போட்ட படத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது. வட்டத்தில் அதை வைத்துச் சமாளித்துவிடலாம், நீள்வட்டத்தில் மாட்டிக்கொள்வோம். கிட்டத்து முனையில் 10.28 வேகத்தில் அதே ஆரத்தில் வட்டமாக வளைய, விநாடிக்கு விநாடி 16.1 மீட்டர் முடுக்கம் வேண்டும். ஈர்ப்பு தருவது 9.3தான். பற்றாக்குறை, அதனால் வெளியே போகிறது. தூரத்து முனையில் தேவை 0.06கூட இல்லை, இருப்பதோ 0.22. மிச்சம் இருப்பதால் உள்ளே இழுபடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வு இல்லாவிட்டால் நீள்வட்டமே இல்லை.

கேள்வி: உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கு வேகம் குறைவு. ஆனால் உயரத்துக்குக் கொண்டுபோக எஞ்சினை இயக்கி வேகத்தைக் கூட்டுகிறார்கள். முரணாக இல்லையா?
- கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: முரண் மாதிரிதான் தெரியும். அதே எண்களையே எடுத்துக்கொள்வோம். 170 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்ற நொடிக்கு 7.80 கி.மீ. வேகம் போதும். அதை 10.28 ஆக்கினால், அதாவது 2.48 கூட்டினால், மறுமுனை 36,500 கி.மீ.க்கு எகிறுகிறது. ஏறும் வழியெல்லாம் ஈர்ப்பு வேகத்தைப் பிடுங்கிக்கொண்டே வருவதால், மேலே சேரும்போது மிஞ்சுவது 1.57. அங்கேயே வட்டமாகச் சுற்ற 3.05 தேவை, மறுபடி 1.48 கூட்ட வேண்டும். மொத்தம் கிட்டத்தட்ட 4 கி.மீ. வேகம் கூட்டிய பிறகு, வண்டி 7.80-இலிருந்து 3.05-க்கு இறங்கியிருக்கிறது! செலவழித்த எரிபொருள் வீண் இல்லை, உயரமாக மாறியிருக்கிறது. நம் தகவல்தொடர்பு செயற்கைக்கோள்களுக்கு இந்த இரண்டாம் கட்ட வேலையை ஹாசனில் உள்ள இஸ்ரோ கட்டுப்பாட்டு மையம் செய்கிறது; ஒரே மூச்சில் அல்ல, சில தவணைகளில்.

கேள்வி: விண்வெளி நிலையத்தில் மிதப்பதற்குக் காரணம், அங்கே ஈர்ப்பு இல்லாததுதானே?
- இல்லத்தரசி, கோவை

பதில்: இல்லை. சுமார் 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 89 சதவீதம் இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் தரை காலை அழுத்துவதில்லை, அவ்வளவுதான். நொடிக்கு 7.67 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் பாய்வதால், விழ விழப் பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது.